காற்று வெளியேறும் இடம் வேறு, கோளாறு இருக்கும் இடம் வேறு: லாரியில் ஏர் லீக் தேடும்போது செய்யும் தவறுகள்

பின் ஆக்ஸிலுக்கு மேலே, சேஸிஸில் பொருத்தியிருக்கும், பின் பிரேக்குகளுக்குக் காற்றைத் திறந்துவிடும் ரிலே வால்வின் அடிவாயிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று நிற்காமல் காற்று போகிறது. கையை நீட்டினால் காற்று படுகிறது. சோப்பு நுரை தடவினால் பொங்கி வழிகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: வால்வு போயிடுச்சு, மாத்துங்க. மாற்றினார்கள். புது வால்விலும் அதே சத்தம். புதுசே சரியில்லை என்று அதையும் கழற்றி இன்னொன்று போட்டார்கள். மூன்றாவதிலும் அதே சத்தம். கடைசியில் பார்த்தால் கோளாறு வால்வில் இல்லவே இல்லை. சக்கரத்துப் பக்கம் இருந்து, காற்றின் அழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் ஒரு பிரேக் சேம்பருக்குள் சின்ன ரப்பர் சீல் ஒன்று தேய்ந்துபோயிருந்தது.

ஏர் லீக் வேலையில் நேரமும் பணமும் வீணாவதை நான் பார்த்த வரையில், பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான் காரணம். காற்று வெளியேறும் ஓட்டை கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த ஓட்டைக்குக் காற்றை அனுப்புவது எது என்று யாரும் கேட்பதில்லை.

ரிலே வால்வு ஏன் பழி சுமக்கிறது

பின்சக்கர சேம்பர்கள் பெரும்பாலான வண்டிகளில் இரட்டை அறை கொண்டவை. ஓர் அறையில் கால் பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் காற்று ஏறும். மற்ற அறையில் முரட்டு ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்ததும் இந்த அறையில் காற்று நிரம்பி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் போட்டால் காற்று வெளியேறி, ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடிக்கும். இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு ராடு போய்வருகிறது. அதைச் சுற்றி ஒரு சீல்.

அந்த சீல் தேய்ந்தால், ஸ்பிரிங் அறையின் காற்று கால் பிரேக் அறைக்குள் நுழையும். அங்கிருந்து ஹோஸ் வழியாகப் பின்னோக்கி ரிலே வால்வுக்கு வரும். பெடலில் கால் இல்லாதபோது ரிலே வால்வு அந்த லைனை எக்ஸாஸ்ட் வாய்க்குத் திறந்தே வைத்திருக்கும். அதுதான் அதன் வேலை. ஆக, வந்த காற்றை வால்வு ஒழுங்காக வெளியே விடுகிறது. தன் கடமையைச் செய்யும் பாகத்தைத்தான் நாம் கழற்றி எறிகிறோம்.

இதைப் பிரித்தறிய ஒரு நிமிடம் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். டேங்க் நிரம்பியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். சத்தம் கேட்கிறதா? இப்போது ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஸ்பிரிங் அறைகள் காலியாகிவிடும். அதோடு சத்தமும் நின்றால், ஏதோ ஒரு சேம்பரின் நடு சீல் போயிருக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்ட பிறகும் நிற்காமல் போனால், ரிலே வால்வுக்குள் காற்று நுழையும் வாயை அடைக்கும் இன்லெட் சீட்டைச் சந்தேகிக்கலாம். ஹேண்ட் பிரேக்குக்கென்று தனி ரிலே வால்வு உள்ள வண்டிகளும் உண்டு. அதனால் சத்தம் போடுவது எந்த வால்வு என்று ஹோஸ்களைப் பிடித்துக்கொண்டே போய் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த சேம்பர் என்று கண்டுபிடிப்பதும் எளிதுதான். ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் ஒரு சேம்பரின் கால் பிரேக் ஹோஸை மட்டும் கழற்றி, பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவித்துப் பாருங்கள். கோளாறான சேம்பராக இருந்தால், திறந்த அந்த வாயிலிருந்தே காற்று வீசும். இல்லையென்றால் ஹோஸை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் அறையின் கிளாம்பைக் கழற்றவே கூடாது. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கின் விசை பல நூறு கிலோ. அது விடுபட்டால் மூடி குண்டு மாதிரி பறக்கும். இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. ரிலீஸ் போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தி, சேம்பரை முழுசாக மாற்றுவதுதான் முறை.

சத்தமெல்லாம் லீக் இல்லை

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. இன்ஜின் ஓடும்போது பிரஷர் ஏறி, ஏறத்தாழ 8 பாரைத் தாண்டியதும், ஏர் டிரையரின் அடியில் 'புஸ்' என்று பெரிதாக ஒரு வெடிப்பு. அதன் பிறகும் பல விநாடிகளுக்கு மெல்லிய சீறல். புதிதாக வண்டி எடுத்தவர்கள் பதறிவிடுகிறார்கள். பிரஷரைக் கண்காணிக்கும் கவர்னர் கம்ப்ரஸரை ஓய்வுக்கு அனுப்பியதும், டிரையர் தன்னிடம் சேர்ந்த ஈரத்தையும் எண்ணெயையும் துப்புகிறது. பிறகு கொஞ்சம் உலர்ந்த காற்றைத் திருப்பி விட்டு, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் குருணைகளைக் காயவைக்கிறது. இது நல்ல சத்தம். ஹேண்ட் பிரேக் போடும்போது வரும் சீறல், பெடலிலிருந்து கால் எடுக்கும்போது வரும் சீறல், ஏர் உதவியுள்ள கிளட்சை விடும்போது வரும் சீறல் எல்லாம் இந்த வகைதான்.

கவலைப்பட வேண்டியது, டிரையர் துப்பும் இடைவெளி குறையும்போது. யாரும் பிரேக் தொடாமலே நிமிடத்துக்கு ஒருமுறை 'புஸ்' வந்தால், எங்கோ காற்று இறங்குகிறது. கம்ப்ரஸர் மறுபடி மறுபடி அதை ஈடுகட்டுகிறது. டிரையரின் வெளிவாயில் இருக்கும், காற்றை ஒரே பக்கமாக மட்டும் விடும் செக் வால்வு பிடிக்காவிட்டாலும் இதே கதைதான்: டேங்குக்குப் போன காற்று பின்னால் வந்து டிரையரின் அடிவழியே போய்விடும்.

டிரையரின் அடியில் தொடர்ந்து காற்று போனால், அது எப்போது போகிறது என்று பாருங்கள். கம்ப்ரஸர் காற்றை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே போனால், டிரையர் துப்பும் வாயான பர்ஜ் வால்வில் அழுக்கோ, குளிர் பிரதேசத்தில் பனியோ சிக்கியிருக்கலாம். துப்பி முடித்த பிறகும் நிற்காமல் போனால், முதலில் செக் வால்வைப் பாருங்கள். டிரையரை முழுசாக மாற்றுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

இன்ஜின் ஓடும்போது மட்டும் தேடுவது

இன்ஜின் இரைச்சலில் சிறிய லீக் காதில் விழாது. அதைவிட மோசம், கம்ப்ரஸர் தொடர்ந்து காற்றைக் கொடுப்பதால் முள்ளும் இறங்காது. எல்லாம் சரி என்று தோன்றும். இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். அதே நேரம், கம்ப்ரஸரிலிருந்து டிரையர் வரை போகும் பைப்பில் இன்ஜின் ஓடும்போதுதான் அழுத்தம் இருக்கும். அங்கே இருக்கும் விரிசல், அணைத்த வண்டியில் தெரியாது. இரண்டு நிலையிலும் பார்த்தாக வேண்டும்.

நான் எப்போதும் நான்கு நிலைகளில் பார்ப்பேன். இன்ஜின் அணைந்து ஹேண்ட் பிரேக் போட்டது. ஹேண்ட் பிரேக் விடுவித்தது. பெடலை முழுசாக மிதித்துப் பிடித்தது. கடைசியாக இன்ஜின் ஓடுவது. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சத்தம் தொடங்கினாலோ நின்றாலோ, அந்த மாற்றத்தால் எந்த லைனுக்குக் காற்று போனது அல்லது நின்றது என்று யோசித்தால் தேட வேண்டிய இடம் பாதிக்கும் மேல் சுருங்கிவிடும். பெடலை மிதித்தால் மட்டும் சத்தம் என்றால், பெரும்பாலும் கால் பிரேக் அறையின் ரப்பர் சவ்வான டயாப்ரமோ அதற்குப் போகும் ஹோஸோதான். சேம்பரின் அடியில் இருக்கும் சிறு துளைகளில் காற்று வந்தால் டயாப்ரம் கிழிந்தது உறுதி. பெடலை ஒருவர் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் வெளியே கேட்க வேண்டும். தனியாகச் செய்கிற வேலை இல்லை இது.

கேட்பதற்கு முன் முள்ளைப் பாருங்கள் என்பேன். மீட்டரில் இரண்டு முள் இருப்பது இரண்டு சர்க்யூட்டுக்கு, அதாவது தனித்தனியான இரண்டு பிரேக் காற்று லைனுக்கு. பெடலை மிதித்துப் பிடிக்கும்போது ஒரு முள் மட்டும் இறங்கிக்கொண்டே போனால், அந்த சர்க்யூட்டுக்கு வெளியே தேட வேண்டியதே இல்லை. எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் கனரக வாகன ஓட்டுநர் தேர்வில் சொல்லித்தரும் அளவு எளிதானது: இன்ஜின் அணைத்து, எல்லா பிரேக்கையும் விடுவித்த நிலையில், டிரெய்லர் இல்லாத வண்டியில் ஒரு நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கும், டிரெய்லரோடு 3 பிஎஸ்ஐக்கும் மேல் இறங்கக் கூடாது. பெடலை மிதித்து, முதலில் விழும் வீழ்ச்சியைக் கழித்த பிறகு, அதே அளவு 3, 4 என்று ஆகிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இரவு நிறுத்திய வண்டியில் காலையில் முள் கீழே கிடக்கிறதா, பாதியில் நிற்கிறதா என்பதும் ஒரு தடயம். நான்கு சர்க்யூட் பாதுகாப்பு வால்வு உள்ள வண்டியில் ஏர் சஸ்பென்ஷன், காற்றில் இயங்கும் ஓட்டுநர் சீட், ஹாரன் போன்ற துணை லைனில் லீக் இருந்தால், பிரஷர் ஓரளவு இறங்கியதும் அந்த வால்வு மூடிக்கொண்டு பிரேக் டேங்குகளைக் காப்பாற்றும். முள் தினமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றால், பிரேக் லைனை விட்டுவிட்டு முதலில் ஓட்டுநர் சீட்டையும், சஸ்பென்ஷனின் உயரத்தைச் சீராக வைக்கும் லெவலிங் வால்வையும் பாருங்கள்.

சோப்புத் தண்ணீரும் ஸ்பேனரும்

சோப்புத் தண்ணீர் நல்ல கருவி. ஆனால் கடுமையான துப்புரவு ரசாயனங்களைத் தெளிக்கக் கூடாது. அமோனியா கலந்தவை பித்தளை ஃபிட்டிங்குகளில் நாளடைவில் விரிசல் விழ வைக்கும். எக்ஸாஸ்ட் வாயில் சின்னக் குமிழி மெதுவாக வளர்ந்தால் உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். பல வால்வுகளுக்குக் குறிப்பிட்ட அளவு கசிவைத் தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். ஓர் அங்குலக் குமிழி உருவாக எத்தனை விநாடி என்றுதான் அதை அளக்கிறார்கள். ஃபிட்டிங்கிலும் ஹோஸிலும் அந்தச் சலுகை கிடையாது.

ஃபிட்டிங்கில் நுரை பொங்கினால் கை தானாக ஸ்பேனரைத் தேடும். இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் நின்றுவிடும் என்று தோன்றும். நைலான் பைப்பை உள்ளே தள்ளி மாட்டும் ஃபிட்டிங்கை முறுக்கிப் பயனில்லை. பைப்பைக் கழற்றி முனையைப் பாருங்கள்: சாய்வாக வெட்டியிருக்கும், இல்லையென்றால் ரப்பர் வளையமான ஓரிங் உட்காரும் இடத்தில் கோடு விழுந்திருக்கும். முனையை நேராக வெட்டி, கடைசி வரை தள்ளி, பிறகு வெளியே இழுத்துப் பார்த்தால் முடிந்தது. டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதும் வேண்டாம். அதன் துணுக்கு பிய்ந்து உள்ளே போனால் வால்வின் சீட்டில் போய் உட்காரும். ஒரு லீக்கை அடைத்து இன்னொன்றை உண்டாக்கியதாகிவிடும். லீக்கைத் தனிப்படுத்த ஹோஸை பிளேயரால் நெரிப்பதும் இப்படித்தான். வெளியே தழும்பு தெரியாது, உள்தோல் கிழிந்திருக்கும்.

கம்ப்ரஸரை முதலில் குற்றம் சொல்வது

காற்று ஏற நேரமாகிறது என்றதும் கம்ப்ரஸரைக் கழற்றுகிறார்கள். அதற்கு முன் கம்ப்ரஸரிலிருந்து வரும் பைப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். கரி படிந்து துளை சுருங்கியிருந்தால், எத்தனை புது கம்ப்ரஸர் போட்டாலும் அதே கதைதான். டிரையருக்கு முன்னால் இருக்கும் சேஃப்டி வால்வு திறந்து சத்தம் போட்டால், அந்த வால்வை மாற்றவோ, கொடுமையிலும் கொடுமையாக அடைக்கவோ வேண்டாம். அதற்கு அப்பால் அடைப்பு இருக்கலாம், அல்லது கவர்னர் கம்ப்ரஸரை நிறுத்தாமல் விட்டிருக்கலாம். வால்வு அதைத்தான் சொல்கிறது.

அடியில் படுப்பதற்கு முன்

ஏர் சஸ்பென்ஷன் வண்டியில், சேஸிஸைத் தாங்கு கட்டையில் நிறுத்தாமல் அடியில் போகாதீர்கள். சஸ்பென்ஷனின் காற்றுப் பைகளான பெல்லோஸ் காற்றை இழந்தால் சேஸிஸ் சட்டென்று இறங்கும். தலை சிக்கும் இடைவெளிதான் மிஞ்சும். காற்றோடு இருக்கும் ஹோஸைக் கழற்றினால் அது சாட்டை மாதிரி அடிக்கும். அந்த லைனின் காற்றை வடித்துவிட்டுக் கழற்றுங்கள். சத்தம் வரும் இடத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் அதே நான்கு நிலைகளையும் மறுபடி பார்த்து, ஒரு நிமிடத்தில் முள் எவ்வளவு இறங்கியது என்று எழுதிவையுங்கள். முடிந்தால் மறுநாள் விடியற்காலை, இன்ஜின் போடுவதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள். குளிரில் ரப்பர் இறுகும். மதியம் வாய் மூடியிருந்த ஓரிங் விடியற்காலையில் சீறும்.