மங்கம்மாளை வைத்து ஒரு சரித்திரக் கதை எழுதிப் பழகுவோம்

சரித்திரக் கதை எழுத உட்காருகிறவர்கள் முதல் அத்தியாயத்தில் குதிரைக் குளம்படி, இரண்டாவதில் சுரங்கப்பாதை, மூன்றாவதில் மாறுவேடம் என்று போய் நாலாவதில் திணறி நின்றுவிடுகிறார்கள். அதிலும் கதாநாயகி நிஜமாக வாழ்ந்த பெண் என்றால் அவளைத் தெய்வமாக்கி உட்காரவைத்துவிடுவோம், அப்புறம் அவளால் ஒரு வெற்றிலைகூடப் போட முடியாது. இதைத் தவிர்க்க ஒரு வழி சொல்கிறேன். உதாரணத்துக்கு மதுரை நாயக்கர் வம்சத்து ராணி மங்கம்மாளை எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: காலத்தைச் சுருக்குங்கள்

முழு வாழ்க்கையையும் எழுதாதீர்கள். 1682இல் கணவர் சொக்கநாத நாயக்கர் இறக்கிறார். 1689இல் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் அம்மை நோயில் போகிறார், அப்போது கர்ப்பமாக இருந்த மருமகள் பிள்ளையைப் பெற்றுவிட்டு அவளும் இறந்துபோகிறாள். அந்தக் கைக்குழந்தை விஜயரங்கனுக்குப் பட்டம் கட்டிவிட்டு 1706 வரை பாட்டிதான் ஆட்சி செய்கிறார். இதில் 1689இல் ஒரு சில மாதம் போதும். பிள்ளையைப் பறிகொடுத்த அதே கையோடு ஒரு ராஜ்யத்தையும் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்த மாதங்கள் அவை.

இரண்டாம் படி: நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்

முதல் பத்தியில் உறுதியானது: மேலே சொன்ன வருடங்கள், மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சத்திரம், சாலைகள்.

இரண்டாவதில் சொல்லக் கேட்டது. ஏதோ ஞாபகத்தில் இடது கையால் வெற்றிலையை வாயில் போட்டுவிட்டாராம், அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இத்தனை சாலையும் சத்திரமும் என்பார்கள். கடைசியில் பேரன் காலத்தில் அடைத்துவைத்து, கண்ணுக்கெதிரே சாப்பாட்டை வைத்துப் பட்டினி போட்டே கொன்றார்கள் என்றும் ஒரு கதை உண்டு. இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், ஆனால் நடந்ததாகவும் எழுதாதீர்கள். கதையில் ஒரு பாத்திரத்தின் வாயில், வம்பாக வரட்டும்.

மூன்றாவது பத்திதான் நமக்குச் சோறு போடுவது. யாருமே எழுதிவைக்காதது. 1710இல் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி இறந்தபோது 47 மனைவியர் உடன்கட்டை ஏறியதாகப் பாதிரிமார் கடிதம் சொல்கிறது. அப்படிப்பட்ட காலத்தில், 1682இல் மங்கம்மாள் ஏறவில்லை. ஏன்? மகன் சின்னப் பையன் என்பது வசதியான பதில். அந்த ராத்திரி அவரிடம் யார் வந்து என்ன பேசினார்கள், யார் கண்ணை நிமிர்ந்து பார்க்காமல் நின்றார்கள், அவரே என்ன நினைத்தார் என்பதெல்லாம் உங்கள் பாடு. வரலாறு வாயை மூடிக்கொள்கிற இடத்தில் நீங்கள் எழுதலாம். அது பேசுகிற இடத்தில் அதை மாற்றக்கூடாது.

மூன்றாம் படி: படியுங்கள், ஆனால் எழுதியது யார் என்று பாருங்கள்

சத்தியநாதய்யர் 1924இல் வெளியிட்ட மதுரை நாயக்கர் வரலாற்றின் பின்னிணைப்பில் ஏசு சபைப் பாதிரிமாரின் கடிதங்கள் கிடைக்கும். சந்தை, பஞ்சம், படை நடமாட்டம் எல்லாம் அதில் வரும். ஆனால் மதம் பரப்ப வந்தவர்கள், தங்களுக்கு இடம் கொடுத்தவரை ஒரு மாதிரியும் கொடுக்காதவரை இன்னொரு மாதிரியும்தான் எழுதியிருப்பார்கள். புகழ்ச்சியை அரைக்கால் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இடத்தைச் சரிபாருங்கள்

மங்கம்மாள் என்றதும் எல்லாரும் திருமலை நாயக்கர் மகாலில் காட்சியைத் தொடங்குகிறார்கள். தலைநகரம் அப்போது திருச்சி. அங்கே அரண்மனை கட்ட, மதுரை மகாலின் ஒரு பகுதியைச் சொக்கநாதரே பிரித்தெடுத்திருந்தார். மாமனார் வழி முன்னோர் கட்டிய மாளிகை இடிந்து கிடப்பதை ஒரு மருமகள் பல்லக்கிலிருந்து பார்ப்பது எப்படி இருக்கும்? திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில், மங்கம்மாள் மகால் என்ற பெயரில் இருக்கும் கொலுமண்டபம் இன்று அரசு அருங்காட்சியகம். ஒரு மத்தியானம் போய், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சாப்பாட்டில் தக்காளி, உருளைக்கிழங்கு, காப்பி வேண்டாம். மணி அடிக்க வேண்டாம், நாழிகை போதும் (ஒரு நாழிகை 24 நிமிஷம்). அரசகுடும்பத்தின் வீட்டுமொழி தெலுங்கு, ஆகவே "பிராணநாதா!" என்று செந்தமிழில் அலறவைப்பதைவிட, சாதாரணத் தமிழில் அளவாகப் பேசவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: கர்ஜனையை வெட்டுங்கள்

வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: "வீரமும் விவேகமும் ஒருங்கே அமைந்த மங்கம்மாள் பெண்சிங்கமாய் எழுந்து, என் மண்ணை எவனும் தொட முடியாது என்று முழங்கினாள்."

உண்மையில் அவர் செஞ்சியை முற்றுகையிட்டிருந்த முகலாயத் தளபதி ஜுல்பிகார் கானுக்குத் திறை கட்டியவர். பலருக்கு இது சங்கடமான விஷயம், மறைத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அவரிடம் இருப்பதிலேயே சுவாரஸ்யமான விஷயமே இதுதான். இப்படி எழுதிப் பார்க்கலாம்:

கணக்கர் தொகையைச் சொன்னார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். மடியில் குழந்தை அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"கட்டிவிடுங்கள்."

"யானையும் கேட்கிறார்கள், அம்மா."

"அந்த நொண்டி யானை இன்னும் இருக்கிறதா?"

"இருக்கிறது. ரொம்பத் தின்கிறது."

"நெற்றிப்பட்டம் கட்டி அனுப்புங்கள்."

யானையும் கணக்கரும் என் கற்பனை, திறை கற்பனையில்லை. மங்கம்மாள் புத்திசாலி என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை, கவனியுங்கள்.

ஆறாம் படி: கடைசிப் பக்கம்

கதை முடிந்ததும் எந்தப் பாத்திரம் நிஜம், எது நீங்கள் உண்டாக்கியது என்று அரைப்பக்கத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நொண்டி யானையை நாளைக்கு யாராவது வாட்ஸ்அப்பில் வரலாறாக அனுப்பிவைப்பார்கள்.