டிவிக்குக் கீழே உள்ள கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் கேபிள்

பெங்களூரில் 30க்கு 40 அடி சைட்டில் மாடிமேல் மாடியாக எழுப்பிய வீடுகளில் இன்டர்நெட் ஃபைபர் பெரும்பாலும் வாசற்கதவு ஓரமாகத்தான் உள்ளே வரும். மாட்ட வருகிறவர் தனக்கு எது வசதியோ அங்கேயே, ஃபைபரை லேன் இணைப்பாக மாற்றும் ஓஎன்டி பெட்டியை ஆணியில் தொங்கவிட்டுப் போய்விடுவார். டிவி ஹாலின் மறுகோடியில் இருக்கும், இல்லாவிட்டால் மேல்மாடியில். நடுவில் காங்கிரீட் தளம், இரண்டு மூன்று சுவர். படம் பாதியில் நின்று வட்டம் சுற்றும்போது பலரும் ரவுட்டரை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேபிள் இழுத்துப் பாருங்கள். டிவியில் படம் ஓட்ட அதற்குக் கீழே வைத்த கம்ப்யூட்டர் எங்கேயும் நடந்து போகப் போவதில்லை. நகராத பொருளுக்கு வைஃபை எதற்கு?

எவ்வளவு வேகம் தேவை என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஓடிடியில் 4கே படத்துக்கு விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் போதும். சாதாரண ப்ளூ-ரே கோப்பு 54 மெகாபிட் வரை போகும். 4கே ப்ளூ-ரேயில் உச்சம் 128 மெகாபிட். ஆகவே வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் கோப்புகளைப் பார்க்கிறவருக்கு 100 மெகாபிட் போர்ட் பற்றாது. வழியில் இருக்கிற ஒவ்வொரு கண்ணியும் ஜிகாபிட்டாக, அதாவது 1000 மெகாபிட்டாக, இருக்கவேண்டும். சில ஓஎன்டி பெட்டிகளில் நாலு லேன் போர்ட் இருந்தாலும் அதில் ஒன்றுதான் ஜிகாபிட், மற்றவை 100. எந்தப் போர்ட்டில் செருகுகிறீர்கள் என்று பெட்டியின் அடியில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட்டும் 100 தான். டிவியை விட்டுத் தனிக் கம்ப்யூட்டர் வைப்பதற்கு இதுவே ஒரு நல்ல காரணம்.

கேபிள் வாங்கும்போது

கேட்5இ ரகக் கேபிள் போதும். அது 100 மீட்டர் வரை ஜிகாபிட் கொடுக்கும், வீட்டுக்குள் 100 மீட்டர் எங்கே இருக்கிறது? ஆனால் சுவருக்குள் ஒருமுறை போட்டதை மறுபடி எடுக்க முடியாது என்பதால் கேட்6 போடுவது நல்லது. 305 மீட்டர் பெட்டி முழுதாக வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். நூல் பிடித்து அளந்த நீளத்தோடு ஒவ்வொரு முனைக்கும் ஒரு மீட்டர் கூட்டி வாங்குங்கள்.

இங்கேதான் ஏமாறுவது. விலை குறைந்த கேபிள்களில் பல, அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியவை, சிசிஏ என்பார்கள். ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். செம்பாக இருந்தால் எவ்வளவு சுரண்டினாலும் சிவப்புதான். சிசிஏ கம்பி நாலைந்து தடவை மடக்கினாலே ஒடியும். பிளக்கை அழுத்திப் பொருத்திய, அதாவது கிரிம்ப் செய்த இடத்தில் நாள்பட நாள்படத் தளர்ந்து, இன்று ஜிகாபிட், நாளை 100 என்று கண்ணாமூச்சி ஆடும். கடைக்காரர் முன்னாலேயே சுரண்டிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சுவருக்குள் போவதற்கு ஒற்றைக் கம்பி கொண்ட சாலிட் கேபிள். சுவர்ப் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர் வரை மெல்லிய இழைகள் கொண்ட ரெடிமேட் பேட்ச் கார்டு. ஆடிக்கொண்டே இருக்கும் இடத்தில் சாலிட் கேபிள் ஒடியும். இழைக் கேபிளுக்கான பிளக்கை சாலிட் கேபிளில் அடித்தால் பிடி நிற்காது. பிளக் வாங்கும்போதும் கேட்6 சாலிட்டுக்கு என்று சொல்லி வாங்குங்கள், கேட்6 கம்பி தடிமனானது, பழைய பிளக்கில் நுழையத் திணறும்.

இழுப்பது

டிஷ் ஆன்டெனாவுக்காக மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்கு இறங்கும் பைப் பல வீடுகளில் சும்மா கிடக்கும். உள்ளே இருக்கும் பழைய கேபிளையே கயிறாகப் பயன்படுத்தலாம். அதன் நுனியில் லேன் கேபிளையும் ஒரு நைலான் நூலையும் சேர்த்துக் கட்டி, இன்சுலேஷன் டேப்பை வழவழப்பாகச் சுற்றி, ஒருவர் மேலே தள்ள ஒருவர் கீழே இழுக்கவேண்டும். நூலை உள்ளேயே விட்டுவையுங்கள், அடுத்த கேபிளுக்கு ஆகும். பத்து கிலோவுக்கு மேல் விசை கொடுத்து இழுத்தால் உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கிய கம்பிகளின் முறுக்கு கலைந்துவிடும். வளைவு ஒரு அங்குல ஆரத்துக்குக் குறையக்கூடாது.

கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் விடவே கூடாது. இடம் இருக்கிறதே என்று எலக்ட்ரீஷியனே சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உள்ளே இன்சுலேஷன் உரசிக் கிழிந்தால் 230 வோல்ட் நேராகக் கம்ப்யூட்டருக்கு வரும், தொட்டவருக்கும் வரும். இணையாகப் போகவேண்டி வந்தால் ஒரு அடி தள்ளியும், குறுக்கே போகவேண்டி வந்தால் செங்குத்தாகவும் போகட்டும்.

வெளிச்சுவர் வழியாக மாடி ஏற்றுவதென்றால் கறுப்புத் தோல் கொண்ட அவுட்டோர் கேபிள்தான். சாம்பல் நிறக் கேபிள் வெயிலில் வெடித்துவிடும். துளையை வெளிப்பக்கம் தாழ்வாகச் சாய்த்துப் போட்டு, நுழையும் இடத்துக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள். மழைத்தண்ணீர் அங்கே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. ஏப்ரல், மே மாத மாலை இடிமழையில் வெளியே நீளமாகப் போகும் கேபிளின் இரு முனையையும் கழற்றிவிடுவது நல்லது. இடி நேராக விழவேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே தூண்டப்படும் மின்னழுத்தம் போர்ட்டைக் கருக்கிவிடும்.

வாடகை வீடு என்றால் டிரில்லை எடுக்காதீர்கள். காலி செய்யும்போது அட்வான்ஸிலிருந்து பெயிண்ட் காசைப் பிடித்துக்கொள்ளும் ஊர் இது. தட்டைக் கேபிள் ஒன்றை வாங்கிக் கதவு நிலை ஓரமாகவும் ஸ்கர்ட்டிங் மேலாகவும் ஒட்டிக்கொண்டு போனால் யார் கண்ணிலும் படாது.

கிரிம்ப்

எட்டுக் கம்பிகளைப் பிளக்கில் அடுக்க டி568பி என்ற வரிசை, பிளக்கின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. வெளித்தோல் பிளக்குக்குள் நுழைந்து அதன் கடியில் சிக்கவேண்டும், இல்லையென்றால் இழுத்த இழுப்பு முழுவதும் எட்டுக் கம்பிகளின் தலையில் விழும்.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும்” என்று ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி என வரிசையாக அடுக்குகிறவர்கள் உண்டு. கேபிள் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு அழகாக எரியும். ஆனால் பிளக்கின் 3ஆம், 6ஆம் கம்பிகள் ஒரே சிக்னலைச் சுமக்கும் ஜோடி. அவை வேறு வேறு முறுக்கிலிருந்து வந்தால் முறுக்கின் பயனே போய், பக்கத்து ஜோடியின் இரைச்சல் ஏறிவிடும். இரண்டு மீட்டருக்கு ஓடும், இருபது மீட்டரில் தள்ளாடும். மலிவு டெஸ்டர் கம்பி தொடர்கிறதா என்றுதான் சொல்லும், ஜோடி சரியா என்று சொல்லாது.

செருகியதும் விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000/1000 வரவேண்டும். 100/100 என்று வந்தால், போர்ட் ஜிகாபிட்தான் என்று உறுதியானபின், சந்தேகம் நீல ஜோடியிலும் பழுப்பு ஜோடியிலும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாக அடிப்பது, டிரைவர் தேடி அலைவதைவிடச் சீக்கிரம் முடியும். பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்துப் பார்த்தால் விநாடிக்கு 110 மெகாபைட் அளவில் வரவேண்டும். 11 என்றே நின்றால் எங்கோ ஒரு 100 போர்ட் ஒளிந்திருக்கிறது. நடுவில் எங்கெங்கோ நின்றால் ஹார்ட் டிஸ்கைச் சந்தேகியுங்கள்.

ஒரே வீடு, இரண்டு நெட்வொர்க்

கேபிள் சரி, இன்டர்நெட் வருகிறது, ஆனால் மேல்மாடி கம்ப்யூட்டரில் உள்ள படங்கள் மட்டும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்: ஓஎன்டியும் ஒரு ரவுட்டர், அதன் பின்னால் நீங்கள் வாங்கி மாட்டியதும் ஒரு ரவுட்டர். உதாரணமாக, ஓஎன்டி 192.168.1 வரிசையில் முகவரி கொடுக்கும், மற்றது 192.168.0 வரிசையில். இரண்டுக்கும் நடுவில் சுவர்.

உங்கள் ரவுட்டரை, தனி நெட்வொர்க் போடாமல் வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த மோடு இல்லாத பழைய ரவுட்டர் என்றால், முதலில் அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று வையுங்கள், பிறகு, கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணையுங்கள், ஓஎன்டியிலிருந்து வரும் கேபிளை இன்டர்நெட்டுக்கான வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். 192.168.1.2 ஓஎன்டியின் டிஎச்சிபி வரம்புக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓஎன்டி பக்கத்தில் படங்கள் இருக்கும் கம்ப்யூட்டரின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் அடையாள எண்) ஓர் ஐபி முகவரியை ஒதுக்கிவிட்டால் அது நாளுக்கொரு முகவரி மாறாது. கெஸ்ட் வைஃபையில் மாட்டிய எந்தக் கருவிக்கும் வீட்டுக்குள் உள்ளவை தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள், அது அதற்காகவே இருப்பது.

படங்கள் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் வகையை பப்ளிக்கிலிருந்து பிரைவேட்டுக்கு மாற்றுங்கள். கடவுச்சொல்லுடன் ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, படக் கோப்புறையைப் படிக்க மட்டும் அவருக்கு அனுமதி கொடுங்கள். லாகின் பின் எண் இங்கே செல்லாது. கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் ஷேரிங் புதிய விண்டோஸில் பெரும்பாலும் வேலை செய்யாது. டிவி கம்ப்யூட்டரில் படம் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளில், படங்கள் இருக்கும் இடத்தை சோர்ஸ் எனச் சேர்க்கும்போது பிரவுஸ் செய்து தேடினால் காலியாகத்தான் காட்டும், ஏனென்றால் அந்தத் தேடல் எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை நம்பியது, அதை 2017 முதல் விண்டோஸ் 10 தானாக நிறுவுவதில்லை. ‘ஆட் நெட்வொர்க் லொகேஷன்’ போய் படங்கள் இருக்கும் கம்ப்யூட்டரின் ஐபி, கோப்புறைப் பெயர், யூசர், கடவுச்சொல் என நாலையும் கையால் அடியுங்கள். எஸ்எம்பி1ஐத் திரும்ப ஆன் செய்யச் சொல்லும் ஆலோசனையைக் காதில் வாங்காதீர்கள், அதன் ஓட்டை வழியாகத்தான் 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது.

கேபிளுக்கு வழியே இல்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, ரவுட்டரும் டிவியும் ஒரே அறையில். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். மின்கம்பி வழியே டேட்டா அனுப்பும் பவர்லைன் அடாப்டர் மாடிக்கு ஒரு கரண்ட் மீட்டர் வைத்த வீடுகளில் அநேகமாகப் பயன்படாது.

கரண்ட் போனால் ஓஎன்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் ஒரு லேன் கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரிக்க டிவி பின்னால் வைத்த ஐந்து போர்ட் நெட்வொர்க் சுவிட்சை மறந்துவிடுகிறார்கள். அதையும் யுபிஎஸ்ஸில் சேர்க்கும் முன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பல சின்ன சுவிட்சுகள் 5 வோல்ட், செருகும் முனை மட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 12ஐக் கொடுத்தால் அந்த நிமிடமே புகையும்.