நுண்சுரங்களை எழுதும்போது பெயரில் வரும் தவறுகள்

பியானோவின் அடுத்தடுத்த கட்டைகளுக்கு நடுவே விழும் சுரங்களை நுண்சுரங்கள் என்கிறோம். முதலில், இடம் வலம் மாற்றிப் போட்ட ஃபிளாட் குறியை (சுரத்தை இறக்கச் சொல்லும் ♭ குறி) எடுத்துக்கொள்வோம். மேற்கத்திய குவார்ட்டர் டோன் இசையில் அந்தக் குறி இருந்தால் சுரத்தை 50 சென்ட் இறக்க வேண்டும். (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்; பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100.) துருக்கியச் செவ்வியல் இசையில் அதே குறி ‘கமா’ எனப்படும் சிற்றிடைவெளி ஒன்றை, அதாவது ஏறக்குறைய 23 சென்ட்டை மட்டும் இறக்கும். உருவத்தைப் பார்த்து “குவார்ட்டர் ஃபிளாட்” என்று பெயர் வைத்துவிட்டால் துருக்கியப் பாட்டு அபசுரமாகத்தான் வரும். குறிக்கு ஒரு பெயர், அது இறக்கும் அளவுக்கு வேறொரு பெயர் என்று பிரித்து எழுதுங்கள்.

செமிடோனைவிட (100 சென்ட்) சிறியதாக எது வந்தாலும் குவார்ட்டர் டோன் என்று சொல்லிவிடுவது இன்னொரு தவறு. அரபு இசையில் ராஸ்த் என்னும் மகாமின் (நம் ராகம் போன்றது) மூன்றாவது சுரத்தைப் பாதி ஃபிளாட் போட்டு எழுதுகிறார்கள். பாடும்போது அதன் உயரம் ஊருக்கு ஊர் மாறும். ஸ்தாயியை 50 சென்ட் வீதம் 24 சம பாகமாக வகுப்பது சரியா என்று 1932 கெய்ரோ அரபு இசை மாநாட்டிலேயே வாதாடினார்கள், ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. சரியாக 50 சென்ட் என்றால் மட்டும் குவார்ட்டர் டோன் என்று எழுதுங்கள். மற்ற இடங்களில் ‘நுண்சுரம்’ போதும்.

அப்புறம், நம்முடைய ‘சுருதி’. தம்புரா சுருதி (ஆதார ஒலி), ஐந்து கட்டை சுருதி (பாடகரின் ஆதார உயரம்), 22 சுருதி (ஸ்தாயியின் நுண்பிரிவுகள்) என்று மூன்று வேலைக்கு ஒரே சொல். கச்சேரியில் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். “இந்த ரிஷபம் ஒரு சுருதி குறைவு” என்று எழுதும்போதுதான் சிக்கல். 9/8 விகித ரிஷபம் 204 சென்ட், 10/9 ரிஷபம் 182, வித்தியாசம் 22. ஆனால் வழக்கமான 22 சுருதிப் பட்டியலில் எல்லாப் படிகளும் இப்படி இல்லை. சில படிகள் 70 சென்ட், சில 90. ஆகவே சுருதியை அளவுகோலாக எழுதவே கூடாது என்பேன். விகிதத்தையோ சென்ட்டையோ கொடுங்கள்.

ஒரே ஸ்தானத்துக்கு (ஸ்தாயியில் சுரம் நிற்கும் இடத்துக்கு) இரண்டு பெயர் இருப்பதைத் தவறு என்று நினைத்துத் திருத்தவும் வேண்டாம். சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே ஸ்தானம்தான். எந்தப் பெயர் என்பதை ராகம் தீர்மானிக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, ஒற்றை எண்ணாகச் சுருக்குவது. தோடியின் காந்தாரத்துக்கு ஏட்டில் சாதாரண காந்தாரம் என்று பெயர். பாடும்போது அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடுகிறது. அந்த அசைவின் சராசரியை எடுத்து “தோடி காந்தாரம் இத்தனை சென்ட்” என்று அச்சிட்டால், அந்த எண்ணை மட்டும் பிடித்து வாசிப்பவருக்குத் தோடி கிடைக்காது. ஸ்தானத்தின் பெயரைத் தனியாக எழுதுங்கள். அசைவு எங்கே தொடங்குகிறது, எதுவரை போகிறது, எங்கே இறங்குகிறது என்பதைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள்.