மெடிகேர், மெடிகெய்ட் ரெண்டும் இருந்தா பில் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

அம்மா நியூஜெர்சில எங்ககூடதான் இருக்காங்க, மெடிகேரும் (வயசானவங்களுக்கான அமெரிக்க அரசோட மருத்துவ இன்சூரன்ஸ்) இருக்கு, மெடிகெய்டும் (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு மாநிலம் நடத்தறது) இருக்கு. போன வருஷம் ஸ்கேன் எடுக்கப் போன இடத்துல அந்த சிவப்பு வெள்ளை நீலம் போட்ட மெடிகேர் கார்டை மட்டும் நீட்டிட்டு வந்துட்டாங்க, கொஞ்ச நாள் கழிச்சு உங்க பங்கு 20 சதவீதம் கட்டுங்கன்னு பில் வந்துச்சு. கடன் வெச்ச மாதிரி பதறிப்போய் செக் புக்கைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க.

ரெண்டும் இருக்கறவங்களுக்கு மெடிகேர் முதல்ல கட்டும், மிச்சத்துக்குத்தான் மெடிகெய்ட் வரும். ஆனா மெடிகெய்ட் இருக்குன்னு பில் போடறவங்களுக்குத் தெரியணுமே, அதனால எங்க போனாலும் ரெண்டு கார்டையும் சேர்த்தே காட்டுங்க.

அடுத்து, மெடிகெய்ட் ஆபீஸுக்கு போன் போட்டு எந்த கேட்டகரின்னு கேட்டு வெச்சுக்கோங்க, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. க்யூஎம்பின்னா (வருமானம் கம்மியானவங்களோட மெடிகேர் செலவுக்கு மாநிலம் உதவற ஒரு கேட்டகரி) டாக்டர் செலவைப் பாக்கற மெடிகேர் பார்ட் பி-யோட ப்ரீமியம் (2025ல மாசம் 185 டாலர்) மாநிலமே கட்டிடும், அதோட டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம கட்ட வேண்டிய தொகை), அந்த 20 சதவீதம் எதையும் மெடிகேர் எடுக்கற டாக்டர் உங்ககிட்ட கேக்கவே கூடாது, சட்டமே அப்படித்தான். எஸ்எல்எம்பிங்கற இன்னொரு கேட்டகரி மட்டும்னா மாநிலம் கட்டறது ப்ரீமியம் மட்டும்தான், 20 சதவீதம் உங்க தலைலதான். அம்மா க்யூஎம்பி. பில்லிங் ஆபீஸுக்கு போன் போட்டு "ஷீ இஸ் க்யூஎம்பி, ப்ளீஸ் பில் மெடிகெய்ட்"னு சொல்லி கார்டு நம்பர் குடுத்தேன், அடுத்த மாசம் பேலன்ஸ் சைபர். அவங்க மசியலன்னா 1-800-633-4227, மெடிகேரோட நம்பர், தமிழ்ல பேச ஆள் வேணும்னு கேளுங்க, காசு கிடையாது.

மருந்துச் செலவைக் குறைக்கற எக்ஸ்ட்ரா ஹெல்ப்ங்கற மெடிகேர் உதவி ரெண்டும் இருக்கறவங்களுக்குத் தானாவே வந்துடும், தனியா அப்ளை பண்ண வேணாம். அதுக்கப்புறமும் பார்மசில பெரிய தொகை கேட்டா அங்கயே நின்னு ஏன்னு கேளுங்க.

டி-ஸ்னிப் பிளான்னு (ரெண்டும் இருக்கறவங்களுக்குன்னு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிங்க நடத்தற மெடிகேர் பிளான்) போன் மேல போன் வரும், பல்லுக்கு இவ்வளவு, மளிகைக்கு கார்டுன்னு தேன் ஒழுகப் பேசுவாங்க. பிளான் எல்லாமே மோசம்னு சொல்லல, ஆனா அம்மாவோட டாக்டர் அந்த நெட்வொர்க்ல இருக்காரான்னு டாக்டர் ஆபீஸ்லயே கேட்டுட்டு அப்புறம் சரின்னு சொல்லுங்க. தெரியாம சேர்ந்துட்டாலும், ரெண்டும் இருக்கறவங்க அரசே நேரடியா நடத்தற பழைய ஒரிஜினல் மெடிகேருக்கே திரும்பிக்கலாம், வருஷக் கடைசில வர்ற பிளான் மாத்தற சீசன் வரைக்கும் காத்திருக்க வேணாம். ஷிப்னு ஒவ்வொரு மாநிலத்துலயும் இலவச மெடிகேர் கவுன்சிலிங் இருக்கு, கமிஷனுக்குப் பேசற ஏஜெண்டை விட எனக்கு அவங்க மேலதான் நம்பிக்கை.

இன்னொண்ணு, மெடிகெய்ட்ல ரினியூவல் லெட்டர் வரும், நாள் தவறினா கவரேஜ் போயிடும், க்யூஎம்பியும் சேர்ந்து போகும். அம்மா ஊருக்குப் போயிருந்தப்ப வந்த கவர் விளம்பர பேப்பரோட குப்பைக்குப் போகப் பாத்துச்சு, பையன்தான் எடுத்துக் குடுத்தான்.