முறுக்குக் கம்பி சியாக்ஸ் கத்தி: எங்கே கெடுகிறது, ஏன் கெடுகிறது

ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்தின் சியாக்ஸ் கத்திகளில் பல வகை உண்டு. இங்கே பேசுவது 8 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை புழங்கிய வகையை: ஒற்றை வாய் (வெட்டும் விளிம்பு), தடித்த முதுகு, பாதி தூரத்துக்கு மேல் முதுகு ஒடிந்து நேர்கோடாக முனைக்குச் சரியும். அவற்றில் சிலவற்றின் உடலில் முறுக்கிய கம்பிகளைப் பற்றவைத்து (உலைச் சூட்டில் அடித்து ஒட்டி) மீன்முள் போல வரி எடுத்திருக்கிறார்கள். இப்படி ஒன்றை அடிக்க உட்காருபவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் கடைசியில், எஃகை அரித்து வரியைக் காட்டும் கரைசலில் நனைத்த பிறகுதான் கண்ணில் படும். அவை உள்ளே நுழைந்ததோ கம்பியை வெட்டிய அன்றைக்கே.

முதல் தவறு கத்தி முழுவதும் வரி வேண்டும் என்று நினைப்பது. பழைய வேலையில் வரி உடலில் இருக்கும். வாய் தனி எஃகு. நான்கு கம்பிகளைப் பக்கம் பக்கமாக வைத்த அமைப்பு இது: மேலே முதுகுக் கம்பி, நடுவில் எதிரெதிர்த் திசையில் முறுக்கிய இரண்டு, அடியில் வெட்டும் கம்பி. அன்றைய முறுக்குக் கம்பிகள் கரி (கார்பன்) குறைந்த இரும்பும் பாஸ்பரஸ் கலந்த இரும்பும் சேர்ந்தவை. பாஸ்பரஸ் இரும்பு வெளுத்துத் தெரியும், அவ்வளவுதான்; தோய்ச்சலில் (சூடேற்றிச் சட்டென்று குளிர்விப்பதில்) இறுகாது. வெட்டும் வேலை வாய்க் கம்பியுடையது. முறுக்கை வாய் வரை இறக்கினால் ஒவ்வொரு அடுக்கின் பற்றவைப்பும் கூர்முனையில் வந்து நிற்கும். ஒரு சின்னப் பிளவு போதும், வாய் உதிர.

இன்னொன்று, தவறான மாதிரியைப் பார்த்து வேலை தொடங்குவது. தேம்ஸ் ஆற்றில் 1857-இல் கிடைத்து, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் 72 செ.மீ. நீளச் சியாக்ஸ் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் அலங்காரம் செம்பு, வெண்கலம், வெள்ளிக் கம்பிகளை இரும்பில் பதித்தது. முறுக்கு வரி அல்ல. முறுக்கு வேலை எப்படி அமைகிறது என்று பார்க்க இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேட்டில் 1939-இல் தோண்டி எடுத்த வாள் நல்ல பாடம்: முறுக்கிய பகுதியும் முறுக்காத பகுதியும் மாறி மாறி வரும். அதேபோல டமாஸ்கஸ் வாளின் நீரலை வரியையும் இதோடு குழப்பக்கூடாது. அந்த எஃகு மூசையில் (உருக்கும் மண் கலத்தில்) உருக்கியது. கொடுமணல், மேல்சிறுவளூர் கள ஆய்வுகளில் தடயம் கிடைத்த தொழில் அதுதான். அந்த வரிக்கு விதை உலோகம் உறையும்போதே உள்ளே விழுகிறது, பற்றவைப்பால் வருவதல்ல. அதன் படத்தை வைத்துக்கொண்டு 300 அடுக்கு மடித்தால் சியாக்ஸ் வராது. இதற்கு ஏழு அடுக்கு போதும். அடுக்கு கூடக் கூட வரி மங்கிச் சாம்பல் நிறப் பூச்சு போல ஆகிவிடும்.

சரக்கு எடுப்பதில் வரும் தவறுகள்

லாரியின் கமான் பட்டை கையில் இருக்கிறது என்று அதை எடுக்காதீர்கள். அதில் சிலிக்கனோ குரோமியமோ இருக்கும். குறிப்பாகக் குரோமிய ஆக்சைடு வெண்காரத்தில் (பற்றவைக்கும்போது அழுக்கைக் கரைக்கத் தூவும் போராக்ஸில்) எளிதில் கரையாது, ஒட்டு பிடிப்பது கடினம். முதல் கத்திக்கு 1084 என்ற ரகக் கரி எஃகும் நிக்கல் கலந்த 15என்20 ரக எஃகுப் பட்டையும் பாதுகாப்பான ஜோடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் ஒட்டும், ஒரே எண்ணெயில் இறுகும். மர அறுவை மில் பேண்ட்சா பிளேடு சிலவற்றில் நிக்கல் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. சின்னத் துண்டை மெருகேற்றிக் கரைசலில் நனைத்துப் பாருங்கள்: வெளுத்தே நின்றால் எடுக்கலாம், கறுத்தால் வேண்டாம்.

கரி அதிகமான எஃகையும் மைல்ட் ஸ்டீலையும் அடுக்கினால் கறுப்பு வெள்ளை நன்றாக வரும் என்று நம்புவது வேறொரு ஏமாற்றம். பற்றவைக்கும் சூட்டில் கரி ஒரு அடுக்கிலிருந்து அடுத்ததற்கு வேகமாக ஓடிச் சமமாகிவிடும். நிக்கல் அப்படி நகராது. வரியைக் காப்பாற்றுவது அதுதான்.

பழைய வார்ப்பில்லாத நார் இரும்பை முதுகுக்கு வைக்க ஆசை வரும். பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனால் அது 1300 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் நன்றாக அடிபடும். அதற்குக் கீழே நாரோடு நாராகப் பிளக்கும். அந்தச் சூட்டில் பக்கத்தில் இருக்கும் கரி மிகுந்த வாய்க் கம்பி பொறி கக்கி உதிர்ந்துவிடும். கை பழகும் வரை முதுகுக்கு 1075 ரக எஃகு போதும்.

20 செ.மீ. அலகுள்ள (பிடிக்கு வெளியே உள்ள பகுதி) கத்திக்கு அளவு இப்படி: 25 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளத்தில், 3 மி.மீ. தடிப்புள்ள 1084 நான்கு துண்டு, 1.5 மி.மீ. 15என்20 மூன்று துண்டு. மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். இது 12 மி.மீ. சதுரக் கம்பியாக நீளும்போது, பொருக்காக (சூட்டில் உதிரும் ஆக்சைடு தோலாக) போனது நீங்கலாக, 18 செ.மீ. துண்டு இரண்டு கிடைக்கும். குறைவான சரக்கில் தொடங்குபவர்கள்தான் கடைசியில் காம்புக்கு (பிடிக்குள் போகும் பகுதிக்கு) இரும்பில்லாமல் முழிக்கிறார்கள்.

முதல் பற்றவைப்பு

ஆலையிலிருந்து வந்த கறுப்புத் தோலோடு அடுக்குவது மன்னிக்க முடியாத அவசரம். ஒவ்வொரு முகத்தையும் பளபளவென்று தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உடனே அடுக்கி நுனிகளை வெல்டிங் வைத்துப் பிடியுங்கள். இந்த வெல்டிங் பொட்டுகளைப் பிறகு கிரைண்டரில் முழுசாக எடுத்துவிட வேண்டும். விட்டால் கத்தியில் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

கடை வெண்காரத்தில் நீர் இருக்கிறது. அப்படியே தூவினால் பொங்கிப் பாதி கீழே கொட்டும். முன்கூட்டியே இரும்புச் சட்டியில் வறுத்து நீரை விரட்டிப் பொடித்து வையுங்கள். அடுக்கிய கட்டை 800 டிகிரி அளவில் செங்கனலாக இருக்கும்போதே தூவ வேண்டும். பொருக்கு படிந்த பிறகு தூவுவது, அழுக்கை மூடி வைப்பதற்குச் சமம். எரிவாயு உலை என்றால் உருகிய வெண்காரம் பீங்கான் பஞ்சை அரித்துத் தின்னும். அடியில் சூளைத் தட்டு ஒன்றைப் போடுங்கள்.

சூடு 1200 முதல் 1250 டிகிரி. கட்டையின் நிறமும் உலைச் சுவரின் நிறமும் ஒன்றாகி, மேலே வெண்காரம் கொதித்து நெளியும். மேல்தோல் அந்த நிறத்துக்கு வந்ததுமே வெளியே இழுப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. உள்ளடுக்கு இன்னும் குளிர்ந்திருக்கும். புரட்டிப் புரட்டி ஐந்து நிமிடமாவது அதே சூட்டில் ஊறவிடுங்கள். பொறி பறந்தால் எஃகு எரிகிறது, காற்றைக் குறையுங்கள்.

அடி பலமாக வேண்டியதில்லை. ஒரு கிலோ சுத்தியலால் ஒரு நுனியில் தொடங்கி மறுநுனி வரை, ஒன்றன் மேல் ஒன்று பாதி படும்படி வேகமாகத் தட்டிக்கொண்டு போனால் உருகிய கழிவு வெளியே பீச்சும். சம்மட்டியை ஓங்கி நடுவில் போட்டால் அடுக்குகள் நழுவும், கழிவு உள்ளேயே மாட்டும். இதே பற்றவைப்பை முழுச் சூட்டில் இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். பிறகு வெளியே எடுத்து, ஆறும்போது முகத்தைப் பாருங்கள். நன்றாக ஒட்டிய கட்டை ஒரே சீராக மங்கும். ஒட்டாத இடத்தில் மேலடுக்குக்கு அடியிலிருந்து சூடு வராததால், அந்த இடம் மட்டும் முந்திக்கொண்டு கறுக்கும். அந்தத் திட்டு தெரிந்தால் முறுக்கப் போகாதீர்கள்.

முறுக்கு

முறுக்கு ஒரு பரிசோதனையும்கூட. அரைகுறை ஒட்டு இங்கே வாய் திறக்கும். திறந்த கம்பியை மறுபடி ஒட்டிவிடலாம் என்பது வீண் நம்பிக்கை. வெட்டி எறிவதே மலிவு.

கூர்விளிம்புள்ள சதுரக் கம்பியை அப்படியே முறுக்கினால் விளிம்புகள் திருகுமரை போல எழுந்து, இடையில் பள்ளம் விழும். அடுத்த பற்றவைப்பில் கழிவு அந்தப் பள்ளத்தில்தான் தங்கும். முதலில் விளிம்புகளைத் தட்டி எண்கோணமாக்குங்கள்.

முறுக்கும் பகுதி முழுவதும் ஒரே மஞ்சள் சூட்டில் இருக்க வேண்டும். சூடு கூடின இடம் இறுகி முறுகும், ஆறின இடம் அசையாமல் நிற்கும். கேட் கிரில் அடிப்பவர்கள் இறுகின இடத்தில் தண்ணீர் ஊற்றி நிறுத்துவார்கள். மைல்ட் ஸ்டீலுக்கு அது சரி. 1084-இல் ஊற்றினால் கம்பி அங்கேயே வெடிக்கும். பதிலுக்கு, சின்னச் சின்ன நீளமாக, 6 செ.மீ. மட்டும் சூடேற்றி முறுக்குங்கள். 18 செ.மீ. கம்பிக்கு எட்டுச் சுற்று நல்ல கணக்கு. ஒன்றுக்கு வலம், மற்றதற்கு இடம், சுற்று எண்ணிக்கை ஒன்றே. இரண்டையும் ஒரே திசையில் முறுக்கிவிட்டு மீன்முள் ஏன் வரவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது. சாக்பீஸ் அடையாளம் உலையில் நிற்காது; நுனியில் அரத்தால் வெட்டுக்குறி போடுங்கள்.

பிறகு 10 மி.மீ. சதுரமாக மெதுவாக அடித்து, ஒட்டப்போகும் முகங்களைப் பள்ளம் மறையும் வரை தேயுங்கள். அடித்தே சதுரமாக்கப் பார்த்தால் பொருக்கு உள்ளே மடியும்.

நான்கையும் சேர்ப்பது

எல்லாக் கம்பியும் 10 மி.மீ. சதுரம், 22 செ.மீ. நீளம்; வாய்க் கம்பி மட்டும் 12 மி.மீ. உயரம் இருக்கட்டும். இரண்டு கம்பிகளைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. முறுக்கு வரிகள் சந்திக்கும் இடம் சரியாக வர, ஒன்றை முன்னே பின்னே நகர்த்தி, பொருந்திய பிறகே நுனியைப் பிடியுங்கள்.

இங்கே கைப்பழக்கம் காலை வாரிவிடும். பட்டையாகக் கிடப்பதால் கை தானாக அகல முகத்தில் அடிக்கப் போகும். அப்படி அடித்தால் கம்பிகள் பக்கவாட்டில் பிதுங்கி ஒன்றையொன்று தள்ளும், மூட்டு பிரியும். வாய் பட்டறைக் கல்லில் ஊன்றி, முதுகு மேலே நிற்க, முதுகின் மேல் அடிக்க வேண்டும். 42 மி.மீ. உயரமும் 10 மி.மீ. தடிப்பும் உள்ளது வளையத்தான் செய்யும். நாலு அடிக்கு ஒருமுறை படுக்க வைத்து லேசாக நிமிர்த்துங்கள். மூன்று முழுச் சூடு இப்படி முடிந்த பிறகே அகல முகத்தில் பலமான அடி.

உருவம்

முதுகின் சரிவைக் கிரைண்டரில் வெட்டி எடுப்பது சுலபம். எடுத்தால் முதுகுக் கம்பி அறுபட்டு, முறுக்கு வரி சரிவில் மோதி அந்தரத்தில் நிற்கும். மேல்மூலையைப் பற்றவைக்கும் சூட்டில் சுத்தியலால் கீழே தட்டி இறக்கினால் வரி சரிவோடு கூடவே வளைந்து முனைக்குப் போகும். தடித்துப் பிதுங்குவதை ஒவ்வொரு தடவையும் சமப்படுத்திக்கொண்டே வாருங்கள். சூடு இறங்கிய பிறகு தட்டினால் முனை அடுக்கடுக்காகப் பிரியும்.

வாயை மெலிதாக்கும்போது அந்தப் பக்கம் நீண்டு கத்தி முதுகுப்புறமாக வளையும். முன்னதாகவே எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைத்துக்கொண்டால் கடைசியில் நேராகும்.

ஆப்பு வடிவத்தை முடிந்த மட்டும் அடித்தே கொண்டுவாருங்கள். முறுக்கின் மேற்பரப்பில் தெரிவது சாய்வரி. ஆழம் போகப் போக அது சுழியாகி, கம்பியின் பாதியை நெருங்கும்போது நட்சத்திரம் போல மாறும். ஒரு பக்கம் அரை மி.மீ., மறுபக்கம் 2 மி.மீ. தேய்த்தால் இரண்டு முகமும் இரண்டு கத்தி போலத் தெரியும். முதுகு 6 மி.மீ., தோய்ச்சலுக்கு முன் வாய் 1.5 மி.மீ. நிற்கட்டும்.

தோய்ச்சல்

இத்தனை முறை 1200 டிகிரி பார்த்த எஃகின் மணி (உள்ளே உள்ள படிகத் துகள்) பருத்துக் கிடக்கும். அப்படியே தோய்த்தால் கண்ணாடி போல ஒடியும். 870, 820, 770 என்று இறங்கு வரிசையில் மூன்று முறை சூடேற்றி, ஒவ்வொரு முறையும் காந்தம் ஒட்டும் வரை காற்றில் ஆறவிடுங்கள்.

தோய்க்கும் சூட்டைக் காந்தம் மட்டும் சொல்லாது. 770-இல் காந்தம் விடும். 1084-க்கு 815 வேண்டும், இன்னும் ஒரு படி நிறம் ஏற வேண்டும். எண்ணெய் 50–60 டிகிரி வெதுவெதுப்பில். பச்சைத் தண்ணீரில் இறக்கினால் கம்பி மூட்டுகளின் வழியே கிழியும். முனையை முன்னே நீட்டி நேராக இறக்குங்கள், பக்கவாட்டில் ஆட்டினால் கோணும். எரியும் எண்ணெயை மூட ஒரு தகர மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கோணினால், கை தாங்காத சூடு இருக்கும்போதே கையுறையோடு நிமிர்த்தலாம். ஆறிய பிறகு முயன்றால் இரண்டு துண்டு.

அரம் வாயில் பிடிக்கிறதே, இறுகவில்லை என்று உடனே மறுபடி தோய்க்காதீர்கள். மேல்தோலில் கரி எரிந்து போயிருக்கும். 0.3 மி.மீ. தேய்த்துவிட்டுச் சோதியுங்கள். பிறகு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை.

அரிப்பு, பிடி

ஃபெரிக் குளோரைடு கரைசல், 40 சதவீதம் உள்ளது ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. அடர்த்தி கூடினால் வேகமாகத் தின்று முகத்தில் குழி விழும், வரி தெளிவாகாது. 600 நம்பர் தாள் வரை நீளவாக்கில் தேய்த்து, சோப்பில் கழுவி, விரல் படாமல் நனையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கறுப்பைத் துடைத்து, மூன்று நான்கு சுற்று. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் மறுநாள் துரு பூக்கும். வரி மேடுபள்ளமாகத் தடவினால் தெரியும் அளவுக்கு அரிப்பது இந்தக் காலத்து மோகம், சியாக்ஸுக்குப் பொருந்தாது.

பித்தளைக் காப்பு, குமிழ் எதுவும் வேண்டாம். மரமோ கொம்போ போதும், பிடி சற்று நீளமாக. காம்பைச் சுட்டு மரத்தில் இறக்குவதானால் முழு ஆழமும் ஒரே மூச்சில் சுட்டுத் துளைக்காமல், முக்கால் பங்கு துரப்பணத்தில் எடுத்துவிட்டு மீதியை மட்டும் சுடுங்கள். அந்த நேரம் அலகை ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காம்பிலிருந்து சூடு ஏறி வாயின் அடிப்பகுதி நீலம் பூத்தால், அந்த இடத்துப் பதம் போய்விட்டது. மறுபடி தோய்ச்சலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.