குடியை விட்டவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடித்தார்கள்? கேப்லன்–மெயர் கணக்கைக் கையால் போடும் முறை

"12 வாரத்தில் இத்தனை சதவீதம் பேர் மீண்டும் குடித்தார்கள்" என்று மட்டும் எழுதினால், 5ஆம் நாளில் குடித்தவரும் 80ஆம் நாளில் குடித்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். பாதியில் வராமல் போனவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்ற சிக்கலும் அப்படியே நிற்கும். கேப்லனும் மெயரும் 1958இல் வெளியிட்ட முறை இந்த இரண்டுக்கும் வழி சொல்கிறது.

1. தரவைத் திறக்கும் முன்

எதை மறுவீழ்ச்சி என்பீர்கள்? ஒரு மடக்கா, ஒரே நாளில் அளவுமீறிக் குடித்ததா? விடை மாறினால் முடிவும் மாறும். முடிவைப் பார்த்துவிட்டு வரையறையை வளைப்பது மோசடிக்குப் பக்கத்து வீடு.

நாள்களை ஆய்வில் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். கடைசியாகக் குடித்த தேதியிலிருந்து எண்ணினால், சேர்வதற்கு முன்பு குடிக்காமல் இருந்த நாள்களும் சிகிச்சையின் கணக்கில் ஏறிவிடும்.

2. வரிசைப்படுத்துங்கள்

மாதிரிக்கு 10 பேர், 84 நாள். ஐவர் மீண்டும் குடித்தது 5, 12, 12, 30, 50ஆம் நாள்களில். 20, 40ஆம் நாள்களுக்குப் பின் இருவர் வரவில்லை. மூவர் 84 நாளும் குடிக்கவில்லை. வராத இருவரும் கடைசி மூவரும் 'சென்சார்' ஆனவர்கள். சினிமா சென்சார் அல்ல. அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

3. பெருக்குங்கள்

யாராவது குடித்த நாளில் மட்டும் கணக்கு. அன்று குடிக்காமல் மிஞ்சியவர்களை, அதற்குச் சற்று முன்வரை கணக்கில் இருந்தவர்களால் வகுத்து, முந்தைய விடையோடு பெருக்குங்கள். வருவது, அந்த நாள்வரை குடிக்காமல் இருப்பவர்களின் பங்கு:

5ஆம் நாள்: 9/10 = 0.90
12ஆம் நாள்: 0.90 × 7/9 = 0.70
30ஆம் நாள்: 0.70 × 5/6 = 0.583
50ஆம் நாள்: 0.583 × 3/4 = 0.4375

30ஆம் நாளில் வகுக்கும் எண் 7 அல்ல, 6; 20ஆம் நாளில் ஒருவர் போய்விட்டார். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேர் மீண்டும் குடித்துவிடும் காலம், மதிப்பு 0.5க்குக் கீழே முதலில் இறங்கும் 50ஆம் நாள்.

4. வராதவர்களை நம்பாதீர்கள்

வராமல் போனவர்களும் மற்றவர்களைப் போலவே இருப்பார்கள் என்பது இந்த முறையின் அனுமானம். குடிநோய் ஆய்வில் அது அடிக்கடி பொய்க்கும். குடித்துவிட்டதாலேயே வராமல் போயிருக்கலாம். அதனால் அந்த இருவரும் குடித்துவிட்டதாக வைத்து இன்னொரு முறை போடுங்கள்: 84 நாள் முடிவில் குடிக்காதவர்கள் 44 சதவீதம் (0.4375) என்பது 30 ஆகிறது. இரண்டையும் அறிக்கையில் கொடுங்கள். அவர்களை அடியோடு நீக்கினால் 3/8, அதாவது 37.5, இது எந்தக் கேள்விக்கும் நேரான விடை அல்ல.

5. இரு குழுக்கள் என்றால்

ஒவ்வொரு குழுவுக்கும் இதே மதிப்புகளை நாள்வாரியாகக் கோடாக வரையுங்கள். இரு கோடுகளும் உண்மையில் வேறா என்று பார்ப்பது லாக்–ரேங்க் சோதனை. வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் அதன் வலிமை ஆள் கணக்கைவிட, மறுவீழ்ச்சிகளின் எண்ணிக்கையைத்தான் சார்ந்தது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் அது உண்மையான வேறுபாட்டையும் தவறவிடலாம். வரைபடத்தை முதலில் பாருங்கள், பி-மதிப்பை (வேறுபாடே இல்லையென்றாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பை) பிறகு. வரைபடத்தின் அடியில் ஒவ்வொரு கட்டத்திலும் மிஞ்சியவர் எண்ணிக்கையையும் போடுங்கள்: நம் கோட்டின் வால் வெறும் 3 பேர்மேல் நிற்கிறது.