முகநரம்பு தேறும்போது காதில் சத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பைக்கிலிருந்து விழுந்து காதோரம் மண்டையெலும்பு விரிசல் விட்டால், வீட்டார் கண்ணில் படுவது கோணிய வாய்தான். காது நன்றாகக் கேட்கிறதா என்று விசாரிப்பவர் குறைவு. முகத்தை அசைக்கும் முகநரம்பு காதை ஒட்டிய எலும்புக்குள் புகுந்துதான் முகத்துக்கு வருகிறது. வழியில் நடுக்காதில் இருக்கும் ஸ்டேபீடியஸ் என்ற குட்டித் தசைக்கும் ஒரு கிளை விடுகிறது. பெரிய சத்தம் வந்தால் அதைக் கொஞ்சம் அடக்குவது அந்தத் தசை. நரம்பு அடிபட்டு அது செயலிழந்தால், சில்க் போர்டு சிக்னல் ஹாரன் மண்டைக்குள் இடிக்கும். அதற்காக நாள் முழுக்கப் பஞ்சு வைத்துக்கொள்ளாதீர்கள். அமைதிக்குப் பழகிய காதுக்குச் சாதாரணச் சத்தமும் தாங்காமல் போகும். இரைச்சலான இடத்தில் மட்டும் வைத்தால் போதும்.

சில மாதம் கழித்து, கண் சிமிட்டினாலோ சிரித்தாலோ காதுக்குள் படபடவென்றோ கொர்ரென்றோ கேட்கலாம். நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அப்படி வளரும்போது இமைக்குப் போக வேண்டிய இழை சில சமயம் வழிமாறி ஸ்டேபீடியஸைப் பிடித்துவிடும். அப்புறம் சிமிட்டும்போதெல்லாம் அதுவும் துடிக்கும். இது செவிடாவதன் அறிகுறி இல்லை. கேட்கும் கருவி வாங்க ஓடாதீர்கள், அது இந்தச் சத்தத்தை நிறுத்தாது.

இதைவிட ஆபத்தானது எதிர்த்தவறு. ‘நரம்பு வளர்கிறது, அதான் கேட்கவில்லை’ என்று சும்மா இருப்பது. கேட்பதற்கான நரம்பே வேறு. முகத்தை அசைக்காதபோதும் ஒரு காது மந்தமாக இருந்தால், நடுக்காதில் ரத்தம் தேங்கியிருக்கலாம், சிற்றெலும்பு விலகியிருக்கலாம், உட்காதே அடிபட்டிருக்கலாம். ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுத்தால்தான் தெரியும். திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரிடம் போங்கள், ஸ்டீராய்டு தேவைப்பட்டால் முதல் 2 வாரத்துக்குள் தொடங்குவதில்தான் பலன் அதிகம்.

பாட்டி வைத்தியமாகப் பூண்டெண்ணெய் காய்ச்சி ஊற்றுவது கூடவே கூடாது. செவிப்பறை கிழிந்திருக்கலாம். காதிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால் அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாகவும் இருக்கலாம், உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

சீக்கிரம் சரியாகட்டும் என்று பலூன் ஊதுவது, சூயிங்கம் மெல்லுவது பற்றியும் ஒரு வார்த்தை. இப்படி மொத்தமாக இழுத்துப் பயிற்சி செய்தால் வாயும் கண்ணும் சேர்ந்து இழுக்கும் பழக்கம் இறுகிவிடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும்படி, கண்ணாடி பார்த்து மெதுவாகச் செய்வதே நல்லது.

டாக்டரிடம் ‘காதில் சத்தம்’ என்று மட்டும் சொன்னால் வேறு திசையில் தேடுவார். சிமிட்டும்போதா, சிரிக்கும்போதா, சும்மா இருக்கும்போதுமா என்று பிரித்துச் சொல்லுங்கள். சத்தம் தாங்கவே முடியாத சிலருக்கு ஸ்டேபீடியஸின் தசைநாரை வெட்டிவிடும் அறுவைச் சிகிச்சையும் உண்டு.